கரைக்கும் கடலுக்கும் ஒரு சோடி வோக்கி

“ஐயா, நீங்கள் மனம் வைச்சால் நடக்கும்!” என்று ஊருக்கே கேட்கக் கத்திக் கும்பிட்டான் அல்பேர்ட். முள்ளியவளை அனுமதிக் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கனகலிங்கத்துக்குக் காது அடைத்துப்போனது.

மேசையில் ஒரு சோடி வோக்கிடோக்கி. அல்பேர்ட்டின் மனைவி கிறேஸுக்கு அவளுடைய தம்பி ஜேர்மனியிலிருந்து கொடுத்தனுப்பியது. மேசைக்குக் கீழே, அல்பேர்ட் சத்தமில்லாமல் தள்ளிவிட்ட உரப்பையில் முழங்கை நீளப் பாரைமீன் ஒன்று.

தட்டிக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த கிறேஸும் தன் பங்குக்குக் குரல் கொடுத்தாள். “கடலுக்குப் போற மனிசன், ஐயா. போன மாசம் காத்துமில்லை மழையுமில்லை, விடியுமட்டும் ஆளைக் காணேல்லை. கேட்டால் நீரோட்டம் இழுத்துப் போட்டுதாம். நான் கரையிலை நிண்டு செத்துப் பிழைச்சனான். இனி எந்த நேரமும் இவர் எங்க நிக்கிறாரெண்டு எனக்குத் தெரியோணும்!”

கனகலிங்கத்துக்கு நெஞ்சு இளகியது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! இந்தப் போர்க்காலத்தில் ஒரு மைலுக்கு மேல் கேட்கும் வோக்கிக்கு அனுமதி கிடையாது. அதற்குள் கேட்டால் அது விளையாட்டுச் சாமான். கேட்டுக் கேள்வியில்லாமல் கொண்டுபோகலாம்.

“இது எவ்வளவு தூரம் கேக்கும்?”

“ஐயா, கைவிட்டிடாதேங்கோ!” என்று அலறினான் அல்பேர்ட். பிறகு குனிந்து, மெல்லிய குரலில், “ஆறு மைல் கேக்கும்” என்றான்.

அட விசரா! இந்தக் கந்தோருக்குள் வந்து பொய் சொல்லுகிற சனத்தைத்தான் கனகலிங்கம் கண்டிருக்கிறார். தன் தலையில் தானே மண்ணள்ளிப் போடுகிறவனை இன்றைக்குத்தான் காண்கிறார்.

“பெட்டியிலை விளையாட்டுச் சாமானெண்டு படம் போட்டிருக்கே?”

“பெட்டியை நம்பாதேங்கோ.” அதுவும் மெதுவாகத்தான். “பற்றரிக்கும் வழியில்லை.”

பற்றரிக் கதை மட்டும் எப்படியோ வெளியே கேட்டுவிட்டது. “சைக்கிளைக் கவிட்டுப்போட்டு டைனமோவைச் சுத்தியெண்டாலும் நான் கதைப்பன்!” என்றாள் கிறேஸ்.

கனகலிங்கம் முடிவெடுத்துவிட்டார். இப்படி ஒரு வெள்ளை மனசுக்காரனுக்கு இல்லையென்று சொன்னால் மத்தியானம் சோறு இறங்காது. விதியாவது மண்ணாங்கட்டியாவது! மீனும் வேண்டாமென்று உரப்பையைக் காலால் திருப்பித் தள்ளினார்.

“பயப்பிடாதையும், அல்பேர்ட். அரை மைல் கேக்கிற விளையாட்டுச் சாமானெண்டு எழுதிவிடுறன். சந்தோசமாக் கொண்டுபோம்.”

அல்பேர்ட்டின் முகம் செத்துப்போனது. உரப்பையை அவசரமாக மறுபடி தள்ளினான். வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, முக்கால் உடம்பை மேசைமேல் சாய்த்தான்.

“பாரை தந்ததே அதுக்குத்தான், ஐயா! மனிசிக்குக் கேக்கச் சத்தமா ‘ஏலாது’ எண்டு சொல்லுங்கோ!”