மூடியில் ராஜாவின் முகம்

எதிர்வீட்டு சிடோனி காட்டிய பீங்கான் மூக்குப்பொடி டப்பாவைப் பார்த்ததிலிருந்து பிரீடரிக்கேவுக்கு வயிறு எரிந்தது. மூடியில், தங்க விளிம்புக்குள் ராஜாவின் முகம். காட்டியபோது சிடோனி சிரிக்கக்கூட இல்லை.

“என்ன திமிரு அவளுக்கு!” என்று கணவன் லெபரெக்டைத் துளைத்தாள். “நாம இந்த டிரெஸ்டன் ஊருக்கு வந்து ஒரு வருஷமாச்சு. அரண்மனையில நீங்களுந்தான் வயலின் வாசிக்கிறீங்க. அவ புருஷனுக்கு மட்டுந்தான் ராஜா டப்பா குடுப்பாரா?”

“நமக்கும் காலம் வரும், பொறுடி.”

அவள் பொறுக்கவில்லை. மறுநாளே அரண்மனை அதிகாரியிடம் போய், “என் வீட்டுக்காரருக்கும் அந்த டப்பா குடுக்கச் சொல்லுங்கய்யா” என்று கெஞ்சினாள்.

அவர் புருவத்தை உயர்த்தினார். “உன் புருஷனுக்கு இதுல சம்மதமாம்மா?”

“அவரு வாய்விட்டுக் கேக்கமாட்டாருய்யா. அதான் நான் வந்தேன்.”

மூன்றாம் நாள் டப்பா வந்தது. அதை ஏந்திக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். அங்கே கூடம் முழுக்க மூட்டை முடிச்சுகள்.

“எங்களுக்கும் வந்துடுச்சு அக்கா!”

சிடோனி அவள் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள்.

“ஐயோ, உங்களையும் அனுப்பிட்டாங்களா? வேலையைவிட்டு நிறுத்துறவங்களுக்குத்தானேடி ராஜா இதைக் குடுக்குறாரு!”