ஈரப்பதன் எண்பத்தாறு

பையைத் திறந்து காட்டியதும் பொலிஸ் நிலைய வாசல் காவலரணில் நின்ற பொலிஸ்காரன் ஓரடி பின்வாங்கித் துவக்கை உயர்த்தினான். உள்ளே ஒரு சின்னத் திரை, பட்டரி போட்ட வெள்ளைப் பெட்டி, ஒரு சாண் நீளத்துக்கு அன்ரனா. நேசமலர் பையை நிலத்தில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினாள்.

எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகத்தான் வந்திருந்தாள். முந்தின நாள் காலை அவள் கணவன் சிவபாலனை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான்கு பேர், சிவில் உடுப்பு. பொலிஸ் என்றார்கள், ஒரு வாக்குமூலம், ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிடுவோம் என்றார்கள். வீட்டில் ஒரு பொருளையும் தொடவில்லை.

"இதாலதான் புடிச்சிருக்காங்க, மகள்" என்று பால்கனியில் இருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டினார் கீழ்வீட்டுக் கிளறன்ஸ்.

அது சிவபாலனின் தமையன் ரொறன்ரோவிலிருந்து கொடுத்தனுப்பிய கருவி. பெட்டி பால்கனியில் இருந்து சூட்டையும் ஈரத்தையும் அளக்கும். வயர் இல்லாமலே அந்த எண்கள் உள்ளே திரையில் வந்து விழும். மகளுக்கு மூச்சிழுப்பு. ஈரப்பதன் எண்பதைத் தாண்டினால் சிவபாலன் யன்னலைப் பூட்டி மருந்தை எடுத்து வைப்பான்.

ஆனால் கொட்டாஞ்சேனையில், துறைமுகம் தெரிகிற பால்கனியில், அன்ரனாவோடு ஒரு சிவப்பு வெளிச்சம் நிமிடத்துக்கொரு தரம் மின்னினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அதுவும் குண்டு போடப் பிளேன் வருகிறதென்று ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்துகிற காலத்தில்.

பொலிசுக்குப் போனவுடன் புருஷனைக் கேட்க வேண்டாம், கேட்டால் கோபம் வரும் என்றார் கிளறன்ஸ். "முதல்ல இந்தச் சாமான் என்னாண்டு விளங்கப்படுத்துங்க. பொறகு அவங்களே விட்டுருவாங்க."

நிலையப் பொறுப்பதிகாரியான பெரியவரின் மேசைக்கு அவளைக் கூட்டிப்போனார்கள். அவர் "வாடிவென்ன" என்று சிங்களத்தில் சொல்லி, இருக்கக் கதிரையைக் காட்டினார். கடைக்குப் போய்வரும் அளவு சிங்களந்தான் நேசமலருக்கு. அதனால் மர்ஸூக் என்ற கான்ஸ்டபிளை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

இதால் கதைக்க முடியுமா, எவ்வளவு தூரம் போகும், யாருக்குப் போகும் என்று பெரியவர் கேட்டுக்கொண்டே போனார். இரவு முழுக்கப் பாடமாக்கியதை அவள் ஒன்றும் பிசகாமல் சொன்னாள். பெட்டியை யன்னல் விளிம்பில் வைத்துத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். எழுபத்தொன்பது.

"பிள்ளைக்கு மூச்சு எடுக்கேலாது சேர். ஈரம் கூடினா இழுப்பும் கூடும். அதுக்குத்தான் அவர் இத பால்கனியில பூட்டினவர்."

பெரியவர் எழுந்து போய்ப் பெட்டியில் வாயை வைத்து ஊதினார். திரும்பி வந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மர்ஸூக்கும் பார்த்தான். ஒரு நிமிடத்தில் சிவப்பு வெளிச்சம் மின்னியது. எண்பத்தாறு.

பெரியவர் சிரித்துவிட்டார். தன் அம்மாவுக்கும் இழுப்புத்தான், இது இங்கே எங்கேயாவது வாங்கலாமா என்று கேட்டார். பின்னேரம் மழை வருமா என்றும் கேட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து, இது வானிலை பார்க்கும் கருவி, பரிசோதித்தாயிற்று, வீட்டில் வைத்திருக்கத் தடையில்லை என்று எழுதி, முத்திரை குத்தி, அவள் கையில் கொடுத்தார்.

நேசமலர் தாளை நான்காக மடித்தாள். கண் கலங்கிவிடும் போலிருந்தது. கதிரையை விட்டு அவள் எழும்பவில்லை.

"இன்னும் என்னா தங்கச்சி?" என்றான் மர்ஸூக்.

"அப்ப அவர விடுங்கோவன்."

"யார?"

சொன்னாள். நேற்றுக் காலை ஏழரைக்கு, நான்கு பேர், வானில். மர்ஸூக் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் பெரியவரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் தடித்த பதிவுப் புத்தகத்தை இழுத்து, நேற்றைய பக்கத்தில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே ஏதோ சொன்னார்.

அந்தச் சிங்களம் அவளுக்கு விளங்கியது. என்றாலும் தமிழில் வரட்டும் என்று மர்ஸூக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நாங்க ஒருத்தரையும் புடிக்கல்ல, தங்கச்சி."