கயிற்று அறை

"அந்தக் கதவ இங்கன வைக்காதீங்க டிரசரய்யா, நான் சொல்றத—"

"நான் சொல்றத மொதல்ல கேளுங்கக்கா, இது என் ரூமு—"

"உங்க ரூமுல நாலு குதிரை கட்டலாம்!"

"கட்டுவேன்லா! இத்தனை வருஷமா மாடிப்படிக்கு அடியில குனிஞ்சு நின்னு மருந்து கலக்கி, முதுகே கூனிப் போச்சு. எனக்குன்னு ஒரு ரூமு வேணாமா?"

ஆயா நவமணியும் டிரசர் ஹமீதும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசினார்கள். ஆஸ்பத்திரியின் பின்பக்கத்துப் புல்வெளி. அங்கே ரூமும் இல்லை, கதவும் இல்லை. முளை அடித்து இழுத்துக் கட்டிய வெள்ளைக் கயிறு மட்டும்தான் இருந்தது.

வெள்ளைக்கார டாக்டர் துரையின் யோசனை அது. பெண்களுக்குப் புது வார்டு வரப்போகிறது, இனி முப்பது வருஷத்துக்கு இந்த ஊருக்கு இதுதான். உள்ளே வேலை செய்யப் போகிறவர்களே கயிற்றால் இடம் போட்டுக் காட்டட்டும். சாயங்காலம் நான் வரும்போது எப்படிக் கிடக்கிறதோ அப்படியே வரைபடம் போகும். இப்படிச் சொல்லி ஒரு சுருள் கயிற்றைக் கொடுத்தார். இதற்குமேல் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

பிரசவ அறை ஆயிற்று. கட்டில் வரிசை ஆயிற்று. மருந்து கலக்கிக் கட்டுப்போடும் டிரசர் அப்துல் ஹமீதின் மருந்தறையும் ஆயிற்று. அத்தோடு கயிறு தீர்ந்தது.

ஆயா நவமணி கேட்ட அறைக்குத்தான் கயிறு இல்லை. மருந்தறையைப் பாதியாக்கினால் உண்டு.

அவள் கேட்டது காத்திருக்க ஓர் அறை. பத்து காவான் தீவின் தோட்டத்துப் பெண்கள் வலி எடுத்தபின் சம்பான் படகு ஏறினால் பிள்ளை நடுக்கடலில் பிறந்துவிடும். முந்தி வந்தாலோ, ஆஸ்பத்திரி கேட்டிலேயே திருப்பிவிடுவார்கள். வலி இல்லாதவள் நோயாளி இல்லை. அவளுக்குக் கட்டிலும் இல்லை, கஞ்சியும் இல்லை. இதோ இந்த அங்சானா மரத்தடியிலேயே நவமணி பிரசவம் பார்த்திருக்கிறாள். அழாத பிள்ளைகளும் அதில் உண்டு.

"வலி வராமயே வந்து படுத்துக்கிறதுக்கு இதென்ன சத்திரமாக்கா?"

"வலி வந்தப்புறம் நீ வந்து சம்பான் தள்ளுவியா தம்பி?"

கோபம் வந்தால் டிரசரய்யா அவளுக்குத் தம்பி ஆகிவிடுவார்.

ஹமீது விடுவிடென்று மருந்தறைக்குள் போய், நட்டநடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோபத்திலும் கயிற்றைத் தாண்டவில்லை. சுற்றிக்கொண்டு, வாசலுக்கென்று விட்ட இடைவெளி வழியாகத்தான் போனார். காலையிலிருந்தே எல்லாரும் அப்படித்தான் நடந்தார்கள். யாரும் சொல்லிவைத்து அல்ல.

பார்க்கப் பார்க்க நவமணிக்குச் சுவர் தெரிய ஆரம்பித்திருந்தது. ஜன்னலுக்கு விட்ட இடத்தில் மட்டும் கடல்காற்று நுழைவதுபோல் இருந்தது. அங்சானாப் பூ சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டே இருந்தது. கூரை வராத வீட்டுக்குள் தரையெல்லாம் மஞ்சள்.

அப்போது மரத்துக்குப் பின்னாலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள்.

நிறைவயிறு. இடுப்பில் துணிமூட்டை. காலைச் சம்பானில் வந்தவள். வலி வந்தா வா என்று அவளைக் கேட்டில் திருப்பியது ஹமீதுதான். போக்கிடம் இல்லாமல் மரத்தடியிலேயே உட்கார்ந்து, இவர்கள் பேசிய அத்தனையும் கேட்டிருக்கிறாள்.

கட்டில் வரிசையை மிதிக்காமல் ஓரமாக வந்தாள். மருந்தறை வாசலில் நின்று, காலில் ஒட்டிய மண்ணை வெளியே தட்டினாள். பிறகு உள்ளே போய், கடல் பார்த்த மூலையில் மூட்டையைத் தலைக்கு வைத்து, பூவின்மேல் ஒருக்களித்துப் படுத்தாள்.

ஹமீது கட்டியிருந்த கையை எடுத்தார். 

ஒரு பெண் படுத்திருக்கிற அறையில் அந்நிய ஆண் நிற்கலாமா? அவர் தலை தானாகக் குனிந்தது. ஓசைப்படாமல் பின்வாங்கி, வாசல் வழியாகவே வெளியே வந்தார்.

முன்பக்கம் துரையின் மோட்டார் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நவமணி குனிந்து மருந்தறையின் முளையைப் பிடித்தாள். பிடுங்கவில்லை. ஹமீதின் முகத்தைப் பார்த்தாள். அவர் தம் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து, கண்ணைத் திறக்காமலே, படுத்திருந்தவள் கேட்டாள்:

"அண்ணே, கதவ லேசாச் சாத்திட்டுப் போறீங்களா? காத்து அடிக்குது."