மதினியின் கரண்டி

கோமதியின் குறைமாதப் பிள்ளை இருந்த ஆஸ்பத்திரி அறையின் கதவு, நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வாய்க்குத்தான் திறக்கும். பிரசவத்தில் கொடுத்த மருந்துகள் அவள் வாயில் அவற்றைத் துடைத்துவிட்டிருந்தன. கதவு விளக்கு அவளுக்குச் சிவப்பையே காட்டியது. இன்று மாலையும் சிவப்பென்றால், பிள்ளையைத் தொட அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டும்.

கணவனின் அக்கா சண்முகவடிவு விடியலிலேயே கீரை கடைந்து, கம்பங்கூழில் புளித்த மோர் ஊற்றி வைத்திருந்தாள். பிறர் குடித்த டம்ளரை இரண்டு தடவை கழுவுகிறவள் அவள்.

கோமதி சாப்பிடாமல் கூழையே பார்த்தாள்.

"விதைக்காத வயலுக்குத் தண்ணி பாய்ச்சி என்ன மதினி? அந்த விதை வீட்டுல ஒருத்தர் வாயிலேருந்து எனக்கு வரணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"என் தம்பி எங்கே?"

"அவருக்கும் சிவப்புதான். புகையிலை."

"அது வாயில்ல, கிடங்கு."

பச்சை எரிந்தது மதினிக்கு மட்டுமே. ஆனால் அவளிடம் எச்சிலைக் கேட்பது எப்படி?

சண்முகவடிவு பூஜை அலமாரிப் பக்கம் ஒரு கணம் பார்த்தாள். பிறகு கரண்டி நிறையக் கூழை அள்ளி, பாதியைத் தான் குடித்துவிட்டு, மீதியைக் கோமதியின் வாயருகே நீட்டினாள்.

"மதினி, இது..."

"சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிடுதேன். வாயைத் தெற."

கூழ் தீரும்வரை இருவருக்கும் அதே கரண்டிதான்.

மாலையில் கதவின் முன் கோமதி வாயைத் திறந்தாள். விளக்கு நெடுநேரம் யோசித்தது. பிறகு பச்சையானது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குச் சண்முகவடிவு யாரும் சொல்லாமலே இருவருக்குமாக ஒரே தட்டை எடுத்து வைத்தாள்.