மருந்து அடித்தவன்

“மருந்து அடிச்சது நான்தான்” என்றார் தம்பி. தலையை நிமிர்த்தவேயில்லை.

சண்டைக்குத் தயாராக வந்திருந்த அண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் கையில் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாள். அதைக் கொண்டுவந்து கொடுத்தவள், பட்டுப்புழு முட்டை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண். அவளும் கூடவே வந்து நின்றாள்.

அண்ணன் இருபது வருடமாக அந்த நிலையத்துக்கு, முட்டை எடுப்பதற்கான விதைக்கூடு வளர்த்துத் தருகிறவர். இந்த முறையும் புழுக்கள் நன்றாகத்தான் தின்றன, கூடும் கட்டின. அந்துப்பூச்சிகள் வெளியே வந்து ஜோடியும் சேர்ந்தன. ஆனால் நானூறு முட்டை இட வேண்டிய தாய்ப்பூச்சி நூறோடு நிறுத்திக்கொண்டது. அதிலும் பாதிக்கு மேல் கரு இல்லை. மஞ்சள் நிறம் மாறாமல் அப்படியே வற்றிப்போயின.

புழு வளர்ந்தபோது பறித்து வைத்திருந்த மல்பெரி இலைகளை அந்தப் பெண் ஆய்வுக்கு அனுப்பினாள். வரப்போரத்து இலை ஒரு பையில், தோட்டத்து நடு இலை இன்னொரு பையில். இரண்டிலும் ஒரே அளவு பூச்சி மருந்து இருந்தது. புழுவைக் கொல்லப் போதாது, அதன் வம்சத்தை அழிக்கப் போதும்.

தன் தோட்டத்துக்குள் மருந்து பாட்டிலையே கொண்டுவராதவர் அண்ணன். அடுத்த நிலம் தம்பியுடையது, அதில் கத்தரி. தாளைப் படித்ததும் நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தார். கொட்டகையில் மருந்து அடிக்கிற டேங்கும், பக்கத்தில் பாதி காலியான பாட்டிலும் இருந்தன. தாளில் இருந்த அதே பெயர்.

கத்தரிக்கு அடித்தபோது காற்றில் வந்து விழுந்திருக்கும், தெரியாமல் நடந்துவிட்டது என்றார் தம்பி.

அண்ணன் கையில் இருந்த தாளையே பார்த்தார். அவருடைய ஒரே மகன் வெளியூரில் வேலை பார்த்தவன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு வாரம் லீவில் வந்தான். ஓய்வெடுடா என்றாலும் கேட்காமல் களை பறித்தான், தண்ணீர் பாய்ச்சினான். திரும்பிப் போகிற வழியில் பஸ் கவிழ்ந்து இறந்துபோனான். பதினைந்து நாள் படுத்தே கிடந்த அண்ணன், மகன் பாடுபட்ட இலை வீணாகக் கூடாது என்றுதான் எழுந்து வந்து இந்தப் புழுக்களை வளர்த்தார்.

“அவன் கையால வளர்ந்த இலைடா அது” என்றார் கடைசியில். “அதையும் விஷமாக்கிட்டியே. இனி எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல.”

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். தம்பி வாசல்வரை போய் நின்றுவிட்டார்.

அந்தப் பெண் மட்டும் நகரவில்லை. அண்ணன் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, காற்றில் வந்த மருந்து வரப்போரத்தில் கூடுதலாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும்தான் இருக்கும் என்றாள். இது அப்படியில்லை. யாரோ தோட்டத்துக்குள் இறங்கிச் செடிசெடியாக அடித்திருக்கிறார்கள்.

“வேணும்னேதான் செஞ்சீங்களா?”

தம்பி கொட்டகைக் கதவைச் சாத்தினார். இந்த ஒரு கேள்வி மட்டும் அண்ணன் காதுக்குப் போக வேண்டாம், என்னைப் பற்றி ஊர் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும் என்றார்.

போகும் என்றாள் அவள். நிலையத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில் உண்மையைத்தான் எழுத வேண்டும். கூடப் பிறந்தவரின் பிழைப்பில் மண்ணைப் போட எப்படி மனசு வந்தது என்றும் கேட்டாள்.

தம்பி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“அந்த ஒரு வாரம் பிள்ளை தனக்காகப் பாடுபட்டான்னு நினைச்சுக்கிட்டுத்தான்மா எங்கண்ணன் உசுரோட இருக்காரு” என்றார்.

அதற்கென்ன என்பதுபோல் அவள் பார்த்தாள்.

“இலையப் பூச்சி அரிக்குதுன்னு, அப்பாவுக்குத் தெரியாம எங்கிட்ட டேங்கை வாங்கி மருந்து அடிச்சவனே அவன்தாம்மா.”