பின் சீட்டுக்குக் கேட்காதது

பைக் கண்ணாடியில் கணவனின் உதடுகள் அசைவதைப் பின் சீட்டிலிருந்து பார்த்தாள். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான். யாரிடம்?

ஹெல்மெட்டுக்குள் இருவரும் பேசிக்கொள்ள மாட்டிய இன்டர்காமில், அவளுடையதற்குப் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது.

"மாத்திக் குடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"மாத்தலாம். என்ன அவசரம்?"

வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவன், வண்டியில் ஏறினால் ஓயாமல் பேசுகிறான். ஃபோனில் எவளோ இருக்கிறாள். பேட்டரி மாற்றாத காரணம் இப்போது விளங்கியது. அவளுக்கு வயிறு எரிந்தது.

அவனுக்குத் தெரியாமல் ஹெல்மெட்டைக் கடைக்குக் கொண்டுபோனாள். உப்பிப்போன பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டார் கடைக்காரர்.

"இனி அவர் மூச்சு விட்டாக்கூடக் கேக்கும்மா."

"அதான் வேணும்."

மறுநாள் சுவிட்சைப் போட்டுக்கொண்டு கமுக்கமாக ஏறினாள். முதல் சிக்னல் தாண்டியதும் அவன் குரல் காதுக்குள் குழைந்தது.

"என்ன வாலு, தூங்கிட்டியா? ஃபோனை வீட்லயே விட்டுட்டேன். திரும்பிப் போனா பின்னாடி இருக்கறவ திட்டுவா. அதை விடு, நேத்து ஆபீஸ்ல நடந்த கூத்தைக் கேளு. என் ஜோக்குக்கு நீதான் சிரிப்பே. அவகிட்ட சொன்னா, ரோட்டைப் பாத்து ஓட்டுங்கம்பா."

வாலு. கல்யாணமான புதிதில் அவன் அவளுக்கு வைத்த பெயர். எதைச் சொன்னாலும் விழுந்து விழுந்து சிரித்த அந்தப் பழையவளோடுதான் தினமும் பேசிக்கொண்டு வருகிறான்.

வயிற்றெரிச்சல் அப்போதும் அடங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ம்... அப்புறம் என்னாச்சு?"

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஓரமாக நின்றது.