சாயம் விடும் வேர்

அடுப்பில் ஒரு தேயிலை வேர் கொதித்துக்கொண்டிருக்கிறது. பழைய மலையில் தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கியபோது என் வீட்டுக்காரர் கஸ்பர் தோளில் சுமந்து வந்த வேர். மீன்தொட்டிக்குள் அழகுக்கு வைக்க, மண்ணைச் சுரண்டி, சாயம் போகும்வரை அவிக்கத் தொடங்கியிருந்தார். பாதியில் நெஞ்சுவலி வந்தது. அவரை அடக்கம் செய்து ஒரு வாரமாகிறது. தினமும் தண்ணீரை மாற்றி நான்தான் அவிக்கிறேன். தண்ணீர் நாளுக்கு நாள் வெளுத்து, இன்று பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு வந்துவிட்டது. தெளிந்துவிட்டால் அவர் விட்டுப்போன வேலையும் முடிந்துவிடும். ஜன்னலோரத் தொட்டியில் மீன்கள் கண்ணாடியை முட்டுகின்றன. லயத்து வீட்டின் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுகிறது. “அம்மா, நாளைக்குத் தொட்டிக்குள்ள வச்சிருவோமா? அப்பா ஆசப்பட்டாருல்ல” என்கிறாள் மகள் ஜொய்சி. நான் விறகை அடுப்புக்குள் தள்ளுகிறேன்.

துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்காக அடுப்பில் பிளேன்டீ எப்போதும் இருக்கும். பக்கத்துக் காம்பரா வீட்டுக் காளியாயி அக்கா கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, அந்த நினைப்பில் ஆவி பறக்கும் சட்டிக்குள் கோப்பையை முக்கி, ஊதி ஒரு வாய் குடிக்கிறார். “என்னடி இசபெல்லு, ஒரே கசப்பு. சீனி போடாம தொரைமாருக்கா ஊத்தி வச்சிருக்க?” சந்தேகத்தில் இன்னொரு வாய் எடுக்கிறார். ஜொய்சிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. “பெரியம்மா, அது அப்பாவோட வேரு.” துப்புவதற்கு வாசலுக்குத் திரும்பிய அக்கா அப்படியே நிற்கிறார். குனிந்து, ஆவியை விலக்கி, சட்டிக்குள் பார்க்கிறார். வாயிலிருந்ததை மெல்ல விழுங்குகிறார்.

“இன்னும் சாயம் இருக்குடி. அவசரப்படாத” என்கிறார். கோப்பையில் மிச்சமிருந்ததையும் குடித்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விறகைத் தள்ளுகிறார்.